மூளையைப் படிக்க எந்தப் பல்கலைக்கழகம்? இளநிலை நரம்பறிவியலுக்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

இளநிலையில் நரம்பறிவியல் படிப்பதென்று முடிவெடுத்துவிட்ட மாணவரின் முன் பெரும்பாலும் இரண்டு பட்டியல்கள் இருக்கும். ஒன்றில் உலகத் தரவரிசையில் முன்னணியில் நிற்கும் பெயர்கள். மற்றொன்றில் இடம் கிடைக்கக்கூடிய, செலவைத் தாங்கக்கூடிய பெயர்கள். இரண்டு பட்டியல்களிலும் பொதுவாக இருக்கும் நான்கைந்து பல்கலைக்கழகங்களை எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் உண்மையான ஒப்பீடு தொடங்குகிறது. அந்த ஒப்பீட்டில் நான் முதலிடம் தருவது ஒரே கேள்விக்குத்தான்: இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் இந்த மாணவர் ஓர் ஆய்வகத்தில், தம்மை நன்கு அறிந்த ஒருவரின் வழிகாட்டலில், தாமே தரவு திரட்டிக்கொண்டிருப்பாரா? நரம்பறிவியல் பாதிக்கு மேல் கையால் கற்கும் துறை. நுண்ணிய கண்ணாடிக் குழாய் முனையை ஒரு நரம்பணுவின் சவ்வோடு ஒட்டவைத்து, அதன் வழியே பாயும் மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப் முறையை 1976இல் எர்வின் நேஹரும் பெர்ட் சாக்மனும் அறிமுகப்படுத்தினார்கள். இன்றும் அதைத் தடுமாற்றமின்றிச் செய்யக் கற்றுக்கொள்ள ஒருவருக்குப் பல மாதங்கள் பிடிக்கின்றன. அத்தகைய மாதங்களைப் பட்டப்படிப்புக் காலத்திலேயே தரக்கூடிய இடம் எது என்பதே மற்ற எல்லாவற்றையும்விட மேலானது என்பது என் கருத்து.

தரவரிசை இந்தக் கேள்விக்கு விடை சொல்வதில்லை. ஷாங்காய் தரவரிசையில் மொத்த மதிப்பெண்ணில் 30 விழுக்காடு, நோபல் பரிசோ, கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமோ பெற்ற பழைய மாணவர்களுக்கும் பணியாளர்களுக்குமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. கியூ.எஸ். போன்ற பட்டியல்கள் கல்வியாளர்களிடையே உள்ள நற்பெயருக்குப் பெரிய எடை தருகின்றன. ஆய்வுக் கட்டுரைகளை எண்ணும் அளவுகோல்களிலும் ஒரு சிக்கல் உண்டு: ஒரு பல்கலைக்கழகத்தின் நரம்பறிவியல் கட்டுரைகளில் பெரும் பங்கு அதன் மருத்துவக் கல்லூரியிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வரலாம், இளநிலை மாணவர் அந்தக் கட்டடங்களுக்குள் காலடி வைக்காமலேயே பட்டம் பெற்றுச் செல்லவும் கூடும். ஆகவே தரவரிசையை ஒரு முதல் வடிகட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு மறந்துவிடுவது நல்லது.

அடுத்ததாக, ஒரே பெயரில் வழங்கும் பட்டத்துக்குள் வெவ்வேறு அறிவியல்கள் அடங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். நரம்பணுச் சவ்வில் மின்னேற்றத் துகள்களைக் கடத்தும் அயனி வாய்க்கால்கள், மரபணுக்கள், நரம்பணு இணைப்புகள் ஆகியவற்றை ஆராயும் மூலக்கூறு நிலை ஒன்று. உயிருள்ள விலங்கின் மூளைச் சுற்றுகளில் நூற்றுக்கணக்கான நரம்பணுக்களின் மின்துடிப்புகளை ஒருசேரப் பதிவு செய்யும் அமைப்பு நிலை இன்னொன்று. 2017இல் அறிமுகமான நியூரோபிக்சல்ஸ் என்னும் மெல்லிய மின்முனையில் 960 பதிவுப் புள்ளிகள் இருக்கின்றன, அவற்றில் 384 ஒரே நேரத்தில் பதிவு செய்யும். மனிதர்களை, மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ., தலைமேலிருந்து மூளையின் மின்னலைகளை அளக்கும் இ.இ.ஜி. ஆகிய கருவிகளைக் கொண்டு ஆராயும் அறிதிறன் நிலை மூன்றாவது. இவற்றிலிருந்து வரும் தரவுகளைக் கணிதத்தாலும் நிரல்களாலும் விளங்கிக்கொள்ள முயலும் கணிப்பு நரம்பறிவியல் நான்காவது. நான்கிலும் சமமாக வலுவான பல்கலைக்கழகங்கள் மிகச் சில. உளவியல் துறையின் அடியாக வளர்ந்த ஒரு பட்டப்படிப்பும், மருந்தியல் துறையின் அடியாக வளர்ந்த ஒரு பட்டப்படிப்பும் விளம்பர ஏட்டில் ஒரே மாதிரி தோன்றலாம். மூன்றாம் ஆண்டுப் பாடங்களின் பெயர்களையும் அங்குள்ள ஆசிரியர்களின் அண்மைக் கட்டுரைகளையும் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும். பதினேழு, பதினெட்டு வயதில் இந்த நான்கில் எது தமக்குரியது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மாணவர்கள் குறைவு. அந்த உறுதியின்மையே பாடத்திட்ட அமைப்பைத் தேர்ந்தெடுப்பதற்கான முக்கியக் காரணியாக வேண்டும்.

பாடத்திட்ட அமைப்பைப் பொறுத்தவரை, முதல் நாளிலிருந்தே நரம்பறிவியல் மாணவராகச் சேர்வது ஒரு வழி. பரந்த அறிவியல் பட்டத்தில் சேர்ந்து பின்னர் குவிவது மற்றொரு வழி. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் மூன்றாண்டு நரம்பறிவியல் பட்டமும், அதனோடு ஓராண்டைச் சேர்த்து முதுநிலையாகத் தொடரும் நான்காண்டுப் பட்டமும் உள்ளன. நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியாகிய ஹிப்போகேம்பஸில் இட உணர்வு நரம்பணுக்களைக் கண்டறிந்து 2014இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜான் ஓ'கீஃப் பணியாற்றிய நிறுவனம் அது; கணிப்பு நரம்பறிவியலுக்கென்றே 1998இல் தொடங்கப்பட்ட கேட்ஸ்பி பிரிவும் அங்கேதான் இருக்கிறது. துறை இதுதான் என்று தெளிந்துவிட்டவருக்கு இத்தகைய இடம் பெரும் வாய்ப்பு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நிலைமை வேறு. அங்கே இயற்கை அறிவியல் பட்டத்தின் முதலாண்டில் மூன்று அறிவியல் பாடங்களோடு கணிதமும் கட்டாயம். இரண்டாம் ஆண்டில் நரம்புயிரியலை ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளலாம். மூன்றாம் ஆண்டில்தான் நரம்பறிவியலே முழுநேரப் படிப்பாகிறது. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் பெரிய நரம்பிழையில் மின்துடிப்பு எவ்வாறு உருவாகிறது என்பதை 1952இல் சமன்பாடுகளாக எழுதிக் காட்டினார்கள். இருவரும் கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் படித்தவர்கள். அந்தச் சமன்பாடுகளைப் புரிந்துகொள்ளாமல் நரம்பறிவியலில் நெடுந்தொலைவு செல்ல முடியாது. அவற்றைப் புரிந்துகொள்வதற்கு வகைக்கெழுச் சமன்பாடுகள் தெரிந்திருக்க வேண்டும். முதலிரண்டு ஆண்டுகளில் கணிதத்தையும் இயற்பியலையும் கட்டாயமாக்கும் அமைப்பு மாணவருக்குச் சுமையாகத் தோன்றினாலும், எதிர்காலத்துக்கான வைப்புநிதியாகவே நான் அதைக் கருதுகிறேன். துறையில் உறுதியில்லாத மாணவருக்கு, தாமதமாகக் குவியும் பட்டத்தையே பரிந்துரைப்பேன்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை இந்தத் தாமதத்தை இயல்பாகவே தருகின்றன: முதன்மைப் பாடத்தை இரண்டாம் ஆண்டின் முடிவு வரை ஒத்திவைக்கலாம், நடுவில் மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமா, இளநிலை மாணவர்கள் மட்டுமே படிக்கும் சிறிய கல்லூரியா?

பெற்றோரும் மாணவர்களும் தவறாக எடைபோடும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். பெரிய பல்கலைக்கழகத்தில் நரம்பறிவியல் ஆய்வகங்கள் நூற்றுக்கும் மேல் இருக்கலாம். விலையுயர்ந்த நுண்ணோக்கிகள், ஸ்கேனர்கள், விலங்குக் கூடங்கள் எல்லாம் இருக்கும். ஆனால் ஓர் ஆய்வகத்தின் அடுக்கு எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேலே பேராசிரியர், அவருக்குக் கீழே முனைவர் பட்டம் முடித்துப் பணிபுரியும் ஆய்வாளர்கள், அவர்களுக்குக் கீழே முனைவர் பட்ட மாணவர்கள், அதற்கும் கீழேதான் இளநிலை மாணவர். பேராசிரியரை அவர் மாதத்துக்கு ஒருமுறை குழுக் கூட்டத்தில் மட்டுமே சந்திக்க நேரலாம். அவருக்குக் கற்றுக்கொடுப்பது முனைவர் பட்ட மாணவர் ஒருவர். அந்த ஒருவர் பொறுமைசாலியாக அமைந்தால் இளநிலை மாணவர் வளர்வார், அமையாவிட்டால் ஓராண்டு முழுவதும் மூளைத் துண்டுகளைச் சாயமேற்றிப் படமெடுப்பதோடு அனுபவம் முடிந்துவிடும். சிறிய கல்லூரியில் இந்த அடுக்கே கிடையாது. அமெரிக்காவின் முதல் இளநிலை நரம்பறிவியல் படிப்பை 1973இல் தொடங்கியதாகக் கூறிக்கொள்ளும் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் முதுநிலை மாணவர்களே இல்லை. பேராசிரியரின் ஆய்வகத்தில் வேலை செய்வோர் இளநிலை மாணவர்கள்தாம். ஓபர்லின், பொமோனா போன்ற கல்லூரிகளிலும் இதே நிலை. அங்கே கருவிகள் குறைவாகவும் ஆய்வுகள் எளிய உயிரினங்களில் நடப்பவையாகவும் இருக்கலாம். ஆனால் சோதனையை வடிவமைப்பதிலிருந்து புள்ளியியல் ஆய்வு வரை மாணவரே செய்ய வேண்டியிருக்கும், அவர் எழுதியதைப் பேராசிரியரே வரிக்கு வரி திருத்துவார். முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது, மாணவர் எப்படிச் சிந்திக்கிறார் என்பதை நேரில் கண்டு எழுதப்படும் பரிந்துரைக் கடிதத்துக்கு இணையானது வேறில்லை. அத்தகைய கடிதம் கிடைப்பது சிறிய கல்லூரியில் எளிது.

எளிய உயிரினங்களைக் குறைவாக மதிப்பதும் சரியல்ல. அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஈவ் மார்டர் நண்டுகள், சிங்கி இறால்கள் ஆகியவற்றின் இரைப்பையை இயக்கும் சுமார் முப்பது நரம்பணுக்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, ஒரே மாதிரியான நரம்புச் செயல்பாட்டை மிக வேறுபட்ட உள்ளமைப்புகளும் உருவாக்க முடியும் என்பதைக் காட்டினார். துறை முழுவதும் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டது. பிராண்டைஸ் இந்த ஒப்பீட்டில் நடுவில் நிற்கும் வகையைச் சேர்ந்தது: ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகங்கள் இருக்கின்றன, மாணவர் தொகை மட்டும் சிறியது. இந்த நடுத்தர வகையைப் பலர் தங்கள் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. அது பெரிய இழப்பு.

பெரிய பல்கலைக்கழகங்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. இளநிலை ஆய்வை நிறுவன ஏற்பாடாகவே வைத்திருக்கும் இடங்களையும், மாணவரே கதவு கதவாகத் தட்டி இடம் பிடிக்க வேண்டிய இடங்களையும் ஒன்றாக எண்ணக்கூடாது. எம்.ஐ.டி.யில் 1969இல் மார்கரெட் மக்விகார் தொடங்கிய இளநிலை ஆய்வு வாய்ப்புத் திட்டத்தில், மாணவர் மதிப்பெண்ணுக்காகவோ ஊதியத்துக்காகவோ ஆசிரியர்களின் ஆய்வகங்களில் சேரலாம். முதலாண்டிலிருந்தே அது திறந்திருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகமும் இத்தகைய திட்டத்தை 1989 முதல் நடத்திவருகிறது. பிரின்ஸ்டனில் இறுதியாண்டு ஆய்வேடு ஏறத்தாழ எல்லா மாணவர்களுக்கும் கட்டாயம். கட்டாயம் என்ற இந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும்: ஆய்வேடு கட்டாயமானால், ஒவ்வொரு மாணவருக்கும் நெறியாளரைக் கண்டுபிடித்துத் தரும் பொறுப்பு துறைக்கு வந்துவிடுகிறது. விருப்பத்துக்கு விடப்பட்ட இடங்களில் அந்தப் பொறுப்பு மாணவரின் தோளில் இருக்கிறது. கூச்ச சுபாவமுள்ளவர்களும், யாரை அணுகுவதென்று சொல்லித்தர ஆளில்லாதவர்களும் பின்தங்கிவிடுகிறார்கள். பிரிட்டனில் இறுதியாண்டு ஆய்வுத் திட்டம் பொதுவான வழக்கம் என்றாலும், அது பெரும்பாலும் சில மாதங்களுக்குள் முடிந்துவிடும். மான்செஸ்டர், கார்டிஃப் போன்ற பல்கலைக்கழகங்கள் நரம்பறிவியல் பட்டத்தோடு ஓராண்டுப் பணிப் பயிற்சியை இணைத்துப் படிக்கும் வழியைத் தருகின்றன. அந்த ஓராண்டை முழுநேர ஆய்விலோ மருந்து நிறுவனத்திலோ செலவிடலாம். மூன்றாண்டுப் பட்டத்தோடு ஒப்பிட்டால், இந்தக் கூடுதல் ஆண்டின் பயன் அதன் செலவைவிடப் பெரிது என்றே கருதுகிறேன்.

விலங்கு ஆய்வில் ஆர்வமுள்ளவர்கள் நாட்டின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உயிருள்ள முதுகெலும்பு விலங்குகளில் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட சோதனைகளைச் செய்ய ஒவ்வொருவருக்கும் தனி உரிமம் வேண்டும். பயிற்சியும் காலமும் தேவைப்படுவதால், குறுகிய இளநிலைத் திட்டங்களில் மாணவர்கள் பெரும்பாலும் முன்பே பதிவான தரவுகளையோ, பிரித்தெடுத்த திசுக்களையோ, பழ ஈக்களையோ கையாளுகிறார்கள். அமெரிக்காவில் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த திட்டத்தின் கீழ், பயிற்சி முடித்த இளநிலை மாணவரும் எலிகளோடு வேலை செய்ய முடிகிறது. எந்தச் சட்டம் சிறந்தது என்பது இங்கே கேள்வியன்று; நடத்தைச் சோதனைகளையும் மூளைப் பதிவையும் தம் கையால் செய்ய விரும்பும் மாணவர் இந்த வேறுபாட்டைச் சேர்வதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும்.

இடத்தின் தூரமும் பலர் எண்ணிப் பார்க்காத ஒன்று. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இளநிலை வகுப்புகள் நடப்பது ஹோம்வுட் வளாகத்தில். மருத்துவக் கல்லூரியும் அதன் புகழ்பெற்ற ஆய்வகங்களும் பால்டிமோர் நகரின் கிழக்குப் பகுதியில் இருக்கின்றன, நடுவே பேருந்து ஓடுகிறது. ஹார்வர்டின் மருத்துவக் கல்லூரி ஆற்றுக்கு அப்பால் பாஸ்டனில் உள்ளது. இளநிலை மாணவர்கள் தங்குவதும் படிப்பதும் அமெரிக்காவிலேயே உள்ள கேம்பிரிட்ஜ் என்னும் நகரத்தில். நரம்பறிவியலாளர்கள் ஹியூபெலும் வீசலும், கண் காண்பதைக் கையாளும் மூளைப் பகுதியாகிய பார்வைப் புறணியைப் பற்றிய தம் ஆய்வை 1958இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் தொடங்கி ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் தொடர்ந்தார்கள் என்பது பெருமைக்குரிய வரலாறு. ஆனால் செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் மூன்று மணி நேரம் கிடைக்கும் மாணவருக்கு, அதில் ஒரு மணி நேரம் போக்குவரத்தில் கழிந்தால் அந்த வாரச் சோதனை நடக்காது. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் 1934இல் வைல்டர் பென்ஃபீல்ட் நிறுவிய மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனம் முதன்மை வளாகத்தை ஒட்டியே இருக்கிறது. பிரெண்டா மில்னர் நினைவாற்றலைப் பற்றிய தம் ஆய்வுகளை அங்கேதான் நடத்தினார். மனித நோயாளிகளோடு தொடர்புடைய ஆய்வில் ஆர்வமுள்ளவருக்கு, மருத்துவமனையும் வகுப்பறையும் நடந்துசெல்லும் தூரத்தில் இருப்பது பெரும் வசதி.

கணிப்பு நரம்பறிவியலை நாடுபவருக்கு என் பரிந்துரை சற்று மாறும். அவர் நரம்பறிவியல் என்ற பெயர்ப்பலகையையே தேட வேண்டியதில்லை. கணிதம், இயற்பியல், கணினி அறிவியல் ஆகியவற்றுள் ஒன்றை முதன்மையாகப் படித்துக்கொண்டு, நரம்பறிவியல் ஆய்வகம் ஒன்றில் தொடர்ந்து வேலை செய்வது அவருக்குக் கூடுதல் பலம் தரும். உயிரியலைப் பின்னர் படித்துப் பிடிக்கலாம். நேரியல் இயற்கணிதத்தையும் நிகழ்தகவையும் இருபத்தைந்து வயதில் முதன்முறையாகக் கற்பது கடினம். எம்.ஐ.டி. கணினித் துறையையும் மூளை அறிவியல் துறையையும் இணைத்து ஒரு கூட்டுப் பட்டத்தையே வைத்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நான்காண்டு ஆராய்ச்சி இளநிலைப் பட்டத்தில் நரம்பறிவியல் என்ற முதன்மைப் பாடம் இல்லை. ஆனால் கழகத்தில் நரம்பறிவியல் மையம் இருக்கிறது, முதலாண்டுகளில் எல்லா மாணவர்களும் கணிதமும் இயற்பியலும் படிக்கிறார்கள், இறுதியாண்டில் ஆய்வுத் திட்டமும் உண்டு. பெயர்ப்பலகையை மட்டும் தேடுபவர் இத்தகைய இடங்களைத் தவறவிடுவார். தவிரவும், இந்தப் பிரிவில் கருவி வளம் குறைந்த பல்கலைக்கழகம் முன்போலப் பின்தங்குவதில்லை. பழ ஈ ஒன்றின் முழு மூளையின் இணைப்பு வரைபடம், ஏறத்தாழ 1,40,000 நரம்பணுக்களுடன், பிரின்ஸ்டன் குழுவினர் முன்னின்று நடத்திய பன்னாட்டுக் கூட்டுமுயற்சியால் 2024இல் வெளியானது. அந்தத் தரவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தேவை கணினியும், நிரலெழுதும் திறனும், நல்ல கேள்வியை அடையாளம் காட்டும் ஓர் ஆசிரியரும்தான்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் நரம்பறிவியல் முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பொதுவாகக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் நிறுவனத்தாலோ ஆய்வு நிதியாலோ ஈடுசெய்யப்படுகின்றன. ஆகவே ஆய்வாளராக விரும்புபவர் இளநிலைக்கெனப் பெருங்கடன் சுமப்பதில் பொருளில்லை. அந்தக் கடன், முனைவர் பட்ட ஆண்டுகளில் கிடைக்கும் எளிய உதவித்தொகையைக்கொண்டு தீர்க்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிடும். ஹார்வர்ட், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் ஆகியவை வெளிநாட்டு மாணவர்களையும் பொருளாதார நிலையைப் பாராமல் சேர்த்துக்கொண்டு, தேவையான உதவியை முழுமையாகத் தருகின்றன. அங்கே இடம் கிடைப்பதுதான் அரிது. ஆய்வக வேலைக்கு ஊதியம் உண்டா என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஊதியமில்லாத ஆய்வக இடம், பகுதிநேர வேலை பார்த்துப் படிக்க வேண்டிய மாணவருக்கு உண்மையில் திறந்திருக்கும் இடமன்று.

இவற்றையெல்லாம் இணையதளத்தைப் படித்து மட்டும் தெரிந்துகொள்ள முடியாது. துறையின் ஆசிரியர் பக்கங்களிலிருந்து தமக்குப் பிடித்த ஆய்வுகளைச் செய்யும் மூன்று ஆய்வகங்களையாவது அடையாளம் காண வேண்டும்; ஒரே ஒரு பேராசிரியருக்காக ஒரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து, ஏனெனில் அவர் வேறிடம் மாறலாம், ஓய்வு பெறலாம், இளநிலை மாணவர்களை எடுப்பதை நிறுத்திவிடலாம். அந்த ஆய்வகங்களின் கடந்த ஐந்தாண்டுக் கட்டுரைகளில் இளநிலை மாணவர்களின் பெயர்கள் இருக்கின்றனவா என்று, ஆய்வகத்தின் பழைய உறுப்பினர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர் இருவரிடம், எந்த ஆண்டில் ஆய்வகத்தில் சேர்ந்தீர்கள், எத்தனை பேரைக் கேட்ட பிறகு இடம் கிடைத்தது, உங்களுக்குக் கற்றுத் தந்தவர் யார், செய்முறை வகுப்பில் மின்பதிவை உங்கள் கையால் செய்தீர்களா என்று கேட்கலாம். இந்த நான்கு கேள்விகளுக்கும் தயங்காமல், குறிப்பான விவரங்களுடன் விடை வருமானால் அந்த இடத்தை நம்பலாம். மருத்துவப் படிப்புக்கு முன்னோட்டமாக நரம்பறிவியலை எடுப்பவர்கள் அங்கே எத்தனை பேர் என்றும் கேட்டறிவது நல்லது. அமெரிக்காவில் அவர்கள் தொகை மிகுதியாக இருக்கும் இடங்களில், ஆய்வக இடங்களுக்கான போட்டியும் மதிப்பெண் பதற்றமும் சேர்ந்தே வருகின்றன.

இறுதியில் இரண்டு அழைப்புக் கடிதங்கள் கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: ஒன்று, உலகப் புகழ்பெற்ற, ஆயிரக்கணக்கானோர் உயிர் அறிவியல் படிக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து; மற்றொன்று, ஐந்தாறு நரம்பறிவியல் ஆசிரியர்களே உள்ள, ஆய்வேட்டைக் கட்டாயமாக்கிய ஒரு சிறிய கல்லூரியிலிருந்து. மாணவர் தாமாகச் சென்று பேசத் தயங்காதவர், மூளைப் பதிவுக் கருவிகளில் ஆர்வம் கொண்டவர், கட்டணச் சுமையும் இல்லை என்றால், முதலாவதற்குச் செல்லட்டும்; முதல் பருவத்திலேயே ஆய்வகங்களுக்கு எழுதத் தொடங்க வேண்டும். எந்தக் கிளை தமக்குரியது என்று இன்னும் தெரியாதவரும், ஒருவர் பக்கத்தில் அமர்ந்து சொல்லித்தந்தால் மலர்பவரும் இரண்டாவதற்குச் செல்வதே நல்லது. பெரிய கருவிகளின் அனுபவத்தைக் கோடை விடுமுறைகளில் வேறொரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்து பெற்றுக்கொள்ளலாம், பல பெரிய பல்கலைக்கழகங்கள் வெளிமாணவர்களுக்கென்றே அத்தகைய திட்டங்களை நடத்துகின்றன. அவற்றில் சில அந்தந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரியவை என்பதால், வெளிநாட்டு மாணவராகச் செல்பவர் அந்த விதியைக் கல்லூரிக்குச் சம்மதம் தெரிவிப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.